பீரோச் சாவி யாரிடம்?

பள்ளி நூலகமும் படிப்பின் இன்பமும்

மலர்க்குழு நண்பர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போலச் சமணத் தமிழ் நூல் எதைப் பற்றியாவது எழுதிக் கொடுப்பேன் என்றுதான் நினைத்திருப்பார். ஆனால் இந்த முறை வேறொரு விஷயம் மனத்தை அரித்துக் கொண்டிருக்கிறது. அது பள்ளிக்கூட நூலகம். வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் நம் குடும்பங்களுக்கு இது மற்றவர்களைவிடக் கூடுதலாக வேண்டிய விஷயம் என்பதால், இந்த மலரிலேயே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்து, எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திவிட்டு, 1975இல் பெங்களூர் வந்து, நியூ தரகுப்பேட்டையில் மாமாவின் அரிசி மண்டியில் கணக்கெழுத உட்கார்ந்தவன். பிறகு தனிக்கடை போட்டேன். மத்தியானம் வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் மூட்டைமேல் சாய்ந்து படித்ததுதான் என் படிப்பு. நாலடியார், சூளாமணி, நீலகேசி, சிந்தாமணி எல்லாம் அப்படி உரையை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் படித்தவைதான்.

"இவ்வளவு எப்படிப் படிச்சீங்க?" என்று சிலர் கேட்பார்கள். உண்மையான பதில் கொஞ்சம் வேடிக்கையானது. எங்கள் ஊர்ப் பள்ளியில் நூலகம் என்று தனி அறை கிடையாது. தலைமையாசிரியர் அறை மூலையில் ஒரு மர அலமாரி மட்டும் இருந்தது. அதன் நாதாங்கி உடைந்து போயிருந்ததால் பூட்ட முடியாது. அதுதான் எங்கள் அதிர்ஷ்டம். சாப்பாட்டு மணி அடித்ததும் நாலைந்து பையன்கள் போய் எடுத்து வந்து வேப்ப மரத்தடியில் படிப்போம். பழைய அம்புலிமாமா, விக்கிரமாதித்தன் கதை, ராபின்சன் குரூசோவின் தமிழ்ச் சுருக்கம் என்று கிடைத்ததைப் படித்தோம். யாரும் படி என்று சொன்னதில்லை, படித்ததைப் பற்றிக் கேள்வி கேட்டதும் இல்லை. பின்னாளில் சிந்தாமணிக்கு என்னை ஏற்றிவிட்ட ஏணிக்கு முதல் படி, முருங்கை மரத்து வேதாளம்தான். அந்த நாதாங்கி மட்டும் சரியாக இருந்திருந்தால் இன்று நான் அரிசி விலை தவிர வேறொன்றும் அறியாதவனாக இருந்திருப்பேன்.

நாங்கள் கொடுத்த பீரோ

இனி என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2009ஆம் ஆண்டு மண்டி நண்பர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து, தமிழ் கற்பிக்கும் ஒரு பள்ளிக்கு ஓர் இரும்பு பீரோவும் முந்நூறு தமிழ் நூல்களும் வாங்கிக் கொடுத்தோம். சால்வை போட்டார்கள், புகைப்படம் எடுத்தார்கள். ஒவ்வொரு நூலின் முதல் பக்கத்திலும் அன்பளிப்பு என்று எங்கள் பெயர் அச்சிட்ட சீட்டு ஒட்டியிருந்தது. மனம் குளிர்ந்து வீடு திரும்பினோம்.

மூன்று ஆண்டு கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவன், பீரோவைப் பார்த்துவிட்டுப் போகலாமே என்று உள்ளே நுழைந்தேன். பூட்டியிருந்தது. சாவி தலைமையாசிரியர் மேசைக்குள் இருந்தது, அவர் அன்று விடுப்பு. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நாங்கள் அடுக்கிக் கொடுத்த வரிசை ஒரு விரற்கடை கூடக் கலையாமல் அப்படியே இருந்தது. வழங்கல் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் கோடு போட்டுத் தலைப்பு எழுதியிருந்ததைத் தவிர ஒரு பதிவும் இல்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தமிழாசிரியையிடம், "என்னம்மா இது, மூணு வருஷமா ஒரு பிள்ளைகூட ஒரு புத்தகம் எடுக்கலையா?" என்று கேட்டேன். அந்த அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு மெல்லச் சொன்னார்: "ஐயா, தணிக்கையிலே ஒரு புத்தகம் குறைஞ்சா நான்தான் கட்டணும். அது போகட்டும், பீரோவிலே இருக்கிற புத்தகத்தை ஆறாவது படிக்கிற பிள்ளைகிட்டே குடுத்தா படிக்குமா, நீங்களே சொல்லுங்க."

இரண்டாவது வாக்கியம் சுருக்கென்று தைத்தது. அந்த முந்நூறில் நான் தேர்ந்தெடுத்தவை என்னென்ன? குறளுக்கு மூன்று உரைகள், சிலப்பதிகாரத்துக்கு இரண்டு பதிப்புகள், சிந்தாமணி உரை, இலக்கண நூல்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு நான் வாங்கிக் கொடுத்தது இவைதான். பையனாக இருந்தபோது நான் தேடி எடுத்த வேதாளக் கதை ஒன்றுகூட அதில் இல்லை. பெருமை எனக்கு, பாரம் பிள்ளைகளுக்கு என்று ஆகிவிட்டது. பூட்டு இல்லாவிட்டாலும் அந்தப் புத்தகங்களை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

பூட்டிக் காத்ததும் எழுதிப் பரப்பியதும்

பூட்டியவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. நூலைப் பூட்டிக் காக்கும் வழக்கத்துக்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு, அதில் நன்மையும் உண்டு. எங்கள் சமயத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன்.

திகம்பர சமணர்கள் வேனிற்காலத்தில் சுருத பஞ்சமி என்று ஒரு நாளைக் கொண்டாடுகிறோம். அது நூல்களுக்கான திருநாள். வாய்மொழியாக வந்த ஆகம அறிவு மறைந்து போகக் கூடாது என்று புஷ்பதந்தர், பூதபலி என்ற இரு முனிவர்கள் ஷட்கண்டாகமத்தை நூலாக்கியதன் நினைவு அது. அன்று ஏடுகளையும் நூல்களையும் வெளியே எடுத்துத் தூசி தட்டி, புதுத் துணி சுற்றிப் பூசை செய்வோம்.

அந்த ஷட்கண்டாகமத்துக்கு வீரசேனர் எழுதிய தவளம் என்ற பேருரையின் பழைய ஓலைச்சுவடிகள், நம் கர்நாடகத்து மூடபித்ரி பசதியில்தான் காக்கப்பட்டு வந்தன. பல நூற்றாண்டுகள் அவை தரிசனத்துக்குரிய பொருளாகவே இருந்தன. யாத்திரை போனவர்கள் கண்ணால் கண்டு கும்பிட்டுத் திரும்பினார்களே ஒழிய, படித்தவர் அநேகமாக இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் படியெடுக்கும் வேலை தொடங்கியது. ஹீராலால் ஜெயினின் பதிப்பில் முதல் பகுதி 1939இல் அச்சாகி வெளிவந்த பிறகே, அதில் என்ன இருக்கிறது என்பது வெளியுலகுக்குத் தெரிந்தது. கணிதம் படித்தவர்கள்கூட அதில் தங்களுக்கு வேண்டியதைக் கண்டு வியந்தார்கள். காத்தவர்களை நான் வணங்குகிறேன். அவர்கள் பூட்டி வைத்திராவிட்டால் கறையான் தின்றிருக்கும். ஆனாலும் அத்தனை தலைமுறை கும்பிட்டவர்களுக்கு அந்த ஏடு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே!

அதே கர்நாடகத்தில், அதே சமயத்தில், நேர்மாறான ஒரு வழியும் இருந்திருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் அத்திமப்பே என்ற அம்மையார், பொன்ன கவியின் சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்துத் தானம் செய்தார். அச்சு இயந்திரம் இல்லாத காலத்தில் ஆயிரம் படி என்றால் எத்தனை ஓலை, எத்தனை எழுத்தர், எத்தனை மாதம்! எங்களுக்கு நால்வகைத் தானங்கள் உண்டு: உணவு, மருந்து, அபயம், சாஸ்திரம். சோற்றை யாரும் கொடுத்துவிட்டுப் பூட்டி வைப்பதில்லை. சாஸ்திர தானத்துக்கு மட்டும் ஏன் பூட்டு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உ.வே. சாமிநாதையர் 1880களில் கும்பகோணத்தில் சிந்தாமணியை ஆராய்ந்தபோது, ஏட்டில் எழுத்து இருந்தது, சமணச் செய்திகளின் பொருள்தான் பிடிபடவில்லை. அதை விளக்கியவர்கள் அவ்வூர்ச் சமணக் குடும்பத்தார். அவர்கள் பண்டிதப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். வீட்டில் கூடி உட்கார்ந்து சிந்தாமணியை வாசித்தும் கேட்டும் வந்தவர்கள். 1887இல் அந்நூல் அச்சேறியதில் அவர்கள் பங்கும் உண்டு. நாலு பேர் ஆசையோடு வாசித்து வந்ததால்தான் அந்நூலின் பொருள் பிழைத்தது.

சீர்காழிக் கணக்கு வாத்தியார்

பள்ளி நூலகம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், அதற்கு விடை சொன்ன தமிழர் ஒருவர் இருக்கிறார். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். ஆள் நடமாட்டம் இல்லாத அந்த நூலகத்தில் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை, கல்லூரிக்கே திரும்பிவிட நினைத்தார். பல்கலைக்கழகம் அவரைப் பயிற்சிக்காக லண்டனுக்கு அனுப்பியது. அங்கே சாதாரண மக்களும் குழந்தைகளும் நூலகத்தில் புழங்குவதைப் பார்த்தவர் ஆளே மாறித் திரும்பினார். 1931இல் அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகள் நூலாக வந்தது. அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோன நடமாடும் நூலகமும் தொடங்கியது. 1948இன் சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவரும் அவரே. பிற்காலத்தில் பெங்களூரில் குடியேறி, 1962இல் இங்கே ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தைத் தொடங்கி, 1972இல் இங்கேயே காலமானார். அவர் பிறந்தநாளாகப் பதிவாகியுள்ள ஆகஸ்டு 12 நாடு முழுவதும் நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

அவருடைய ஐந்து விதிகளைப் பள்ளிக்கூட மொழியில் என் போக்கில் சொல்கிறேன். முதலாவது, புத்தகம் எடுத்துப் படிப்பதற்கு, காட்சிக்கு அல்ல. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்ததை இங்கேதான் அவர் நினைவூட்டுகிறார். இரண்டாவது, எந்தப் பிள்ளையாக இருந்தாலும் அதற்கு ஏற்ற புத்தகம் அங்கே இருக்க வேண்டும். மூன்றாவது, வாங்கி வைத்த புத்தகம் ஒவ்வொன்றும் தனக்குரிய பிள்ளையின் கண்ணில் பட வேண்டும். நான்காவது, தேடுவதிலேயே பிள்ளையின் நேரம் போய்விடக் கூடாது. ஐந்தாவது, நூலகம் ஆண்டுக்கு ஆண்டு வளர வேண்டும், ஒருநாள் விழாவோடு முடிந்துவிடக் கூடாது.

நாங்கள் கொடுத்த பீரோவை இந்த ஐந்தோடு ஒத்துப் பார்த்தேன். ஐந்திலும் தோல்வி.

சேதாரக் கணக்கு

சரி, அந்த ஆசிரியையின் முதல் வாக்கியத்துக்கு வருவோம். புத்தகம் தொலைந்தால் யார் பொறுப்பு? பீரோக்கள் பூட்டிக் கிடப்பதற்கு நான் கண்ட பெரிய காரணம் இதுதான். அந்தப் பயத்தைப் போக்காமல் வாசிப்பு, வாசிப்பு என்று மேடையில் பேசிப் பயனில்லை.

அரிசி வியாபாரத்தில் சேதாரம் இல்லாத மூட்டை கிடையாது. கொக்கி போட்டுத் தூக்கும்போது சிந்தும், எலி தின்னும், வண்டு விழும், ஈரம் காய்ந்து எடை குறையும். இதற்குப் பயந்து மூட்டையை அவிழ்க்காமல் வைத்திருப்பவன் வியாபாரி ஆவானா? ஆண்டுக்கு இவ்வளவு போகும் என்று கணக்கில் கழித்துவிட்டுத்தான் கடையைத் திறக்கிறோம்.

அரசாங்கமே இப்படி ஒரு கணக்கு வைத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் நூலகங்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. ஓர் ஆண்டில் வழங்கிய அல்லது எடுத்துப் பார்த்த ஆயிரம் நூல்களுக்கு ஐந்து காணாமல் போவதை நியாயமான இழப்பாகக் கொள்ளலாம் என்கிறது அது. நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இது மத்திய அரசு நூலகங்களுக்கான விதி. பள்ளிகளுக்கு அந்தந்த மாநிலமும் நிர்வாகமும் வகுத்த விதிகள் உண்டு. ஆனாலும் புத்தகம் புழங்கினால் சில தொலையத்தான் செய்யும் என்பதை நிதி விதி எழுதியவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் அல்லவா? பூட்டி வைத்த நூலகத்தில் ஒன்றும் தொலையாதுதான். ஆனால் அங்கே முந்நூறுமே நஷ்டக் கணக்கு.

சட்டமும் பிள்ளைகள் பக்கம்தான் இருக்கிறது. 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் வேண்டும் என்றும், நாளிதழ், சஞ்சிகை, எல்லாப் பாட நூல்களோடு கதைப் புத்தகங்களும் இருக்க வேண்டும் என்றும் உள்ளது. கதைப் புத்தகம் என்று பெயர் சொல்லியே குறித்திருப்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இன்பம் எதற்கு?

"பாடப் புத்தகத்தைப் படிச்சாப் போதாதா, கதைப் புத்தகம் வேற எதுக்கு?" என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே நிறைய உண்டு. மார்க்குக்குப் போட்டி இருக்கும் காலத்தில் அந்தக் கேள்வி இயல்புதான். அதற்கு நான் புரிந்துகொண்ட விடையைச் சொல்கிறேன்.

மண்டிக்குப் புதிதாக வரும் பையன் கல்லாவில் உட்கார்ந்தால், அவன் கண் முழுதும் தராசின் மேலேயே இருக்கும். எதிரில் நிற்பவர் என்ன கேட்கிறார் என்பது காதில் ஏறாது. ஓராண்டு போனால் எடை தானாகப் போடுவான், பேச்சும் நடக்கும், கணக்கும் நடக்கும். வாசிப்பும் அப்படித்தான். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்து. இவை தெரிந்ததும் பிள்ளைக்குப் படிக்கத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறோம். ஆனால் எழுத்தை அடையாளம் காண்பதிலேயே கவனம் முழுதும் செலவாகும்வரை, பொருள் மனத்தில் ஏற இடமில்லை. வாக்கியத்தின் கடைசிக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துவிடும். சொற்களைப் பார்த்த மாத்திரத்தில் அறியும் பழக்கம் வர வேண்டுமானால், எளிய பக்கங்களை நூற்றுக்கணக்கில் படிக்க வேண்டும். பாடப் புத்தகம் ஆண்டுக்கு ஒன்று, அதுவும் கடினம். அத்தனை பக்கத்தை ஒரு பிள்ளை அடிக்குப் பயந்து படிக்காது, அடுத்து என்ன ஆகும் என்ற ஆசையில்தான் படிக்கும். அதனால்தான் இன்பம் தேவைப்படுகிறது.

அந்த ஆசையைக் கெடுக்க எளிய வழி ஒன்று உண்டு. புத்தகத்தை மூடியதும், "இந்தக் கதையின் நீதி என்ன? சுருக்கி எழுது" என்று கேட்பது. நல்லெண்ணத்தில்தான் கேட்கிறோம். பிள்ளைக்கோ அது இன்னொரு பரீட்சை. நாம் நாவல் படித்து முடித்ததும் யாராவது வந்து பத்து மதிப்பெண் வினா கேட்டால் அடுத்த நாவலைத் தொடுவோமா?

பிறகு என்ன செய்தோம்

அந்த ஆசிரியையும் நானும் தலைமையாசிரியரைச் சந்தித்தோம். தொலையும் நூலுக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தேன். அவரும் பெருந்தன்மையோடு சாவியை வகுப்புக்கே விட்டுவிட்டார். கனமான உரைநூல்களைத் திரும்ப எடுத்து வந்து, படிக்கும் பெரியவர்களுக்குக் கொடுத்தேன். அந்த இடத்தில் பதினாறு, இருபத்துநான்கு பக்கப் படக்கதைகள் வாங்கி வைத்தோம். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசை, சென்னைத் தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் படநூல்கள், நம் பெங்களூரிலேயே 2004இல் தொடங்கிய பிரதம் புக்ஸின் தமிழ் நூல்கள் எல்லாம் வந்தன. விலை குறைவு என்பதால், கிழிந்தாலும் யாருக்கும் நெஞ்சு பதறவில்லை.

ஆசிரியை வகுப்பின் குறுக்கே ஒரு கொடிக்கயிறு கட்டினார். துணி காயப் போடுவதுபோல் புத்தகங்களை விரித்து, அட்டை தெரியும்படி தொங்கவிட்டார். பீரோவில் முதுகு காட்டி நின்றவை பிள்ளைகளுக்கு முகம் காட்டின. பதிவேடு எழுதும் பொறுப்பு ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருவருக்குப் போனது. வாரத்தில் ஒரு பீரியட் சும்மா படிக்கும் நேரம். முதல் பத்து நிமிடம் ஆசிரியை உரக்க வாசிப்பார், மீதி நேரம் அவரவர் விருப்பம். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைத்துவிடலாம், பிடித்ததை எத்தனை முறையும் எடுக்கலாம்.

முதல் நாள் நானும் போயிருந்தேன். பூக்கடைக்காரர் வீட்டுப் பையன் ஒருவன், யானைப் படம் போட்ட ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்துவிட்டு என்னிடம் வந்து, "தாத்தா, இதுல பரீட்சை இருக்கா?" என்று கேட்டான். "இல்லப்பா" என்றேன். நம்பாமல் ஆசிரியையிடமும் போய்க் கேட்டான். அவரும் இல்லை என்றதும் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தான். தொடர்ந்து நாலு வாரம் அதே புத்தகத்தை எடுத்ததாக ஆசிரியை கவலையோடு போனில் சொன்னார். "எடுக்கட்டும்மா, நானும் அப்படித்தான்" என்றேன். ஐந்தாம் வாரம் வேறு எடுத்தான். ஆண்டு முடிவில் பதினொரு நூல் காணவில்லை. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அதில் ஆறு தானாகத் திரும்பி வந்தது. வீட்டில் தங்கையும் தம்பியும் படித்துக் கொண்டிருந்தார்களாம்!

எல்லாம் வெற்றி என்று சொல்லி ஏமாற்ற மாட்டேன். இரண்டாம் ஆண்டு அந்த ஆசிரியைக்கு மாற்றல் வந்தது. மூன்றே மாதத்தில் கொடிக்கயிறு அவிழ்ந்தது, சாவி பழையபடி மேசைக்குள் போனது. மறுபடி நடையாய் நடந்து புதியவரிடம் பேச வேண்டியிருந்தது. ஓர் ஆளை நம்பி நிற்கும் நூலகம் அந்த ஆளோடு போய்விடும் என்பது அப்போது எனக்குக் கிடைத்த பாடம். அதனால் கால அட்டவணையிலேயே நூலகப் பீரியட் என்று எழுதி வைக்கச் சொன்னோம். இழப்பை ஏற்கும் கடிதத்தையும் ஆண்டுதோறும் புதுப்பித்துக் கொடுத்தோம்.

அரசுகளும் இப்போது இந்தத் திசையில் வந்திருப்பது மகிழ்ச்சி. 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது கர்நாடக அரசு, ஓதுவ பெளகு, அதாவது வாசிப்பின் ஒளி என்ற பெயரில், கிராமப் பஞ்சாயத்து நூலகங்களில் குழந்தைகளை இலவசமாக உறுப்பினராக்கியது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், பிள்ளையின் வாசிப்புத் திறனுக்கு ஏற்ப நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறு சிறு கதைப் புத்தகங்களை வெளியிட்டது. அந்த நான்கு சொற்களையும் பார்த்தபோது, நான் பள்ளிக்குக் கொடுத்த முந்நூறு நூலும் பறக்கிறவனுக்கு மட்டுமே என்பது புரிந்து வெட்கமாக இருந்தது.

நம் வீட்டுப் பிள்ளைகள்

இனி நம் குடும்பங்களுக்கு வருகிறேன். என் பேத்திக்கு எட்டு வயது. வீட்டில் தமிழ் நன்றாகப் பேசுவாள். ஆங்கிலமும் கன்னடமும் பள்ளியில் படிக்கிறாள். தமிழ் எழுத்து மட்டும் தெரியாது. என் அலமாரியில் ஐம்பது ஆண்டுச் சேமிப்பு நிற்கிறது. ஒருநாள் அவள் சூளாமணியின் முதுகைத் தடவிப் பார்த்து, "தாத்தா, இது என்ன பாஷை?" என்று கேட்டாள். எனக்குப் பேச்சு வரவில்லை. என் வீட்டு அலமாரியே அவளுக்கு மூடபித்ரி ஏடாகிவிட்டது. பார்க்கலாம், தொடலாம், படிக்க முடியாது.

அன்று முதல் அவளிடம் அரிச்சுவடியை நீட்டவில்லை. மேலே ஆங்கிலமும் கீழே தமிழுமாக உள்ள இருமொழிப் படநூல் ஒன்றைக் கொடுத்தேன். ஆங்கில வரியை அவள் படிப்பாள், தமிழ் வரியை நான் விரல் வைத்துப் படிப்பேன். கதை தெரிந்துவிட்டதால் தமிழ் வரியில் எது பூனை, எது பால் என்று அவளே ஊகித்தாள். ப என்ற எழுத்து அவளுக்கு முதலில் பழகியது பாலில்தான். ஆறு மாதத்தில் தனியாக ஒரு பக்கம் படித்தாள். வேகம் இல்லை, தப்பும் வரும், ஆனால் அவளாக எடுத்து வருகிறாள்.

பிறகு அவளுடைய பள்ளி நூலகத்துக்குப் போனேன். பெரிய நூலகம், நல்ல நூலகர். ஆங்கிலம், கன்னடம், இந்தி எல்லாம் இருந்தன, தமிழ் இல்லை. ஏன் என்று கேட்டேன். "யாரும் வந்து கேட்டதே இல்லையே சார்" என்றார். அந்தப் பள்ளியில் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் படிக்கிறார்கள். ஒரு தகப்பனாரும் ஒரு தாயாரும் கேட்கவில்லை, நானும் அதுவரை கேட்கவில்லை. மறுவாரம் இருபது மெல்லிய நூல்கள் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு தட்டு ஒதுக்கித் தந்தார். இம்முறை என் பெயர்ச் சீட்டு ஒட்டவில்லை.

ஆகவே அன்பர்களுக்கு என் வேண்டுகோள் சில உண்டு. அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது மதிப்பெண் பட்டியலோடு நூலகத்தையும் ஒரு நடை பாருங்கள். திறந்திருக்கிறதா, பிள்ளை வீட்டுக்கு எடுத்து வரலாமா, நூலகப் பீரியடில் உண்மையிலேயே படிக்க விடுகிறார்களா என்று கேளுங்கள். தமிழ்ப் புத்தகத்துக்கு ஒரு தட்டு ஒதுக்கச் சொல்லுங்கள். பிறந்தநாளுக்கு வகுப்பு முழுக்க மிட்டாய் கொடுப்பதோடு, நூலகத்துக்கு ஒரு சிறு படக்கதையும் கொடுங்கள். அன்பளிப்பு நூலை நம் பெருமைக்காக அல்லாமல் எட்டு வயதுப் பிள்ளையின் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆசிரியருக்கு ஒரு வார்த்தை தைரியம் சொல்லுங்கள்: "தொலைஞ்சா நாங்க வாங்கித் தர்றோம்." இந்த ஒரு வாக்கியத்துக்கு ஒரு பீரோவைத் திறக்கும் சக்தி உண்டு என்பதை என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். வீட்டில் பிள்ளை கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து நீதி என்ன என்று கேட்காதீர்கள். அடுத்து என்ன ஆச்சு என்று மட்டும் கேளுங்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளியின் மர அலமாரி இப்போது இல்லை. கட்டடமே புதிதாகிவிட்டது. உடைந்த அந்த நாதாங்கியைச் சரிசெய்ய ஆசாரியை அழைத்து வர வேண்டும் என்று எங்கள் தலைமையாசிரியர் ஆண்டுதோறும் சொல்வார், அழைத்து வந்ததே இல்லை. மறந்துபோனாரா, வேண்டுமென்றே விட்டுவிட்டாரா என்று அவரிடம் கேட்காமல் போய்விட்டேன். வேண்டுமென்றேதான் விட்டிருப்பார் என்று இந்த வயதில் எனக்குத் தோன்றுகிறது.